சக்கரத்துக்கு மேலே ஓர் அலமாரி

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் டைலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள். அவர் யாரையும் திருத்தியதில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீளமான மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் காகித அளவுகள். காவலாளிகளின் சட்டை, மருத்துவமனை ஊழியர்களின் கோட்டு, பேருந்து நடத்துநர்களின் சீருடை என்று வேலைக்குப் போகிறவர்கள் உடுத்தும் துணிதான் அவர் தைப்பது. நான் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன்.

அக்காவோடு அவருடைய தம்பி இருந்தார். இருபத்தெட்டு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். தெருவுக்கு அவர் டிரைவர். அவருக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, நாலு வருடத்தில் அது தானாகக் கரைந்துபோயிற்று. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "எவனும் அளவு சரியா வரல" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேலையிலிருந்து நிற்பதற்கு ஒரு வருடம் முன்னால் டிரைவர் ஒரு பழைய வண்டியை இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி அது; போகிற இடத்தில் நிறுத்தி உள்ளேயே படுத்து எழலாம். உட்புறம் பன்னிரண்டடி நீளம், ஆறரையடி அகலம். கூரையில் எங்கேயோ ஒழுகி, உள்ளே இருந்த மரவேலை எல்லாம் ஊறிப் புட்டுப்புட்டாக உதிர்ந்திருந்தது. அதை அவரே வாரிக் கொட்டிவிட்டு, கூரையை அடைத்து, வெறும் கூடாக வைத்திருந்தார். "ரிட்டயர் ஆனதும் உள்ள எல்லாம் செஞ்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஆறாவது மாதம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

மருத்துவமனைக்கு வாரம் மூன்று நாள் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். டிரைவர் வீட்டையே கேட்டார். ஒரு நாளைக்கு நாலு தடவை. வயிற்றுக்குள் இருக்கும் பழைய திரவத்தை வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் பையிலிருந்து புதியதை ஏற்ற வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பை தலைக்கு மேலே கொக்கியில் தொங்க வேண்டும். வடிகிற பை தரையில் கிடக்கும். ஜன்னல் கதவு சாத்தியிருக்க வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது, கை கழுவி முகமூடி கட்ட வேண்டும். கொஞ்சம் அசுத்தம் குழாய்வழி போனாலும் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும்.

இதை எல்லாம் அவர் ஒழுங்காகச் செய்தார். ஆனால் மற்ற நேரத்தில் பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் பேச்சுக்கொடுத்தபோது சொன்னார்:

"முப்பது வருஷம் ரோட்டுலயே குடியிருந்தேன் சார். இப்போ கடைத்தெரு வரைக்கும் போனாக்கூட கடிகாரத்தைப் பாக்கணும். மாட்டைக் கட்டிப் போடுவாங்களே, அந்த மாதிரி. கயிறு நாலு மணி நேர நீளம்."

வண்டியை விற்றுவிடச் சொன்னார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "கோழி வளக்க நல்லா இருக்கும்" என்றார்.

அக்கா மெஷினிலிருந்து எழுந்து வந்தார். "இது விக்கிறதுக்கு இல்லைங்க. போயிட்டு வாங்க" என்றார்.

"உங்க தம்பிதானே வரச் சொன்னாரு?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல. எதையாவது சொல்லுவான்."

அந்த ஆள் போனதும், கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது, காகிதத்தில் இரண்டு பக்கமும் அளவுகள் எழுதியிருந்தார்.

அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது, டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் நர்சைத் தனியாகப் பிடித்து, "வண்டிக்குள்ள வச்சு இதைப் பண்ணலாமா?" என்று கேட்டார். நர்ஸ் கறாரான மனுஷி. சிரிக்கவில்லை.

"பண்ணலாம். ஆனா துடைச்சா சுத்தமாகிற மேசை வேணும், கை கழுவ குழாய் வேணும், பையைத் தொங்கவிட உறுதியான கொக்கி வேணும். பையைச் சூடு பண்ணிச் சூடாவே வச்சிருக்கணும். பெட்டியெல்லாம் நனையாம நசுங்காம இருக்கணும். நான் நேர்ல வந்து பாப்பேன். எனக்குத் திருப்தியில்லன்னா அவரை அனுப்பமாட்டேன்."

"வந்து பாருங்க" என்றார் அக்கா. அப்போது வண்டிக்குள் ஒரு பலகைகூடக் கிடையாது.

முதலில் தச்சரிடம்தான் போனார். தெரு முனையில் பட்டறை வைத்து, சமையலறை அலமாரி செய்துகொடுக்கிறவர். கை சுத்தமான வேலைக்காரர். அவர் வந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், சுவரில் வைத்தார், மறுபடியும் தரையில் வைத்தார். மூலைமட்டத்தை மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். சுவர் கீழே கொஞ்சம் வெளியே தள்ளி, மேலே போகப்போக உள்ளே வளைந்து, கூரையோடு கலந்துவிடும். பின்பக்கம் இன்னும் மோசம். இரண்டு திசையிலும் வளைவு.

"அக்கா, இதுல ஒரு நேர்கோடு கிடையாது. ஒரு மூலை மூலையா இல்ல. நான் எதை வச்சு ஆரம்பிக்கிறது?"

"என்கிட்ட வர்ற உடம்பு எதுலயும்தான் நேர்கோடு கிடையாது" என்றார் அக்கா. "ஒரு தோள் ஏறியிருக்கும், ஒரு தோள் இறங்கியிருக்கும். சட்டை உக்காரலையா?"

"துணி வளையும். மரம் வளையாது."

"அப்போ நீங்க செய்யமாட்டீங்க."

"செஞ்சா பேர் கெட்டுப்போகும்."

"சரி. வளைவா வெட்டுற ரம்பம் ஒண்ணு பழசா இருந்தா சொல்லுங்க."

தச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் இரண்டு நாளில் கையடக்க மின்ரம்பம் ஒன்று வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அதுவரை சுவரில் ஆணி அடித்ததைத் தவிர மரத்தைத் தொட்டதில்லை. காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிவரை வண்டியில் வேலை. பத்திலிருந்து தையல். மதியம் தம்பி வயிற்றில் திரவம் மாற்றும் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்பதால், அந்த நேரத்தில் மறுபடியும் வண்டி. முதல் வாரத்தில் இரண்டு ப்ளைவுட் பலகையைப் பாழாக்கினார். ரம்பம் தன் இஷ்டத்துக்கு ஓடி, விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. சுவருக்கு மேலாக எனக்குக் காட்டினார்.

"தைக்கிறதுல தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம். இது பிரிக்கவே விடமாட்டேங்குது" என்றார். குரலில் வருத்தமில்லை, எரிச்சல்தான் இருந்தது.

மரத்தில் வராததை அட்டையில் வரவைத்தார். எல்லா வீடுகளிலும் கேட்டு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி வந்த பெரிய அட்டைகளை வாங்கிக்கொண்டார். ஓர் அட்டையைச் சுவரோடு நிறுத்துவார், எங்கே முட்டுகிறதோ அங்கே பென்சிலால் கோடு, கத்தரியால் ஒரு நூல் அளவு நறுக்குவார், மறுபடியும் நிறுத்துவார். கோட்டுக்குக் கழுத்துப்பட்டை வெட்டுகிற அதே பொறுமை. இருபது முப்பது தடவை நறுக்கிய பிறகு, அட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தபால்தலைகூட நுழையாது. அந்த அட்டையைப் பலகையில் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். ஒரு பலகைக்கு மூன்று நாள் ஆகும். ஆனால் பொருத்தினால் பொருந்திவிடும்.

டிரைவர் இதை எல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. சத்தம் அதிகமானால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் மட்டும், "எதுக்குக்கா இந்த வேலை? நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றார்.

"நீ போகலன்னா நான் தனியா போறேன்" என்றார் அக்கா.

"நீயா? நீ ரெண்டு ராத்திரி சேந்தாப்ல வெளியில தங்கினதுண்டா?"

"அதுக்குத்தான் கத்துக்கறேன்."

மூன்று மாதத்தில் முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் உட்காரும் பெஞ்சு, அதையே இழுத்துப் போட்டால் படுக்கை. முன்பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு மேசை, அதன் பக்கத்தில் கை கழுவத் தண்ணீர்க் குழாய். பின்பக்கத்து வளைவோடு ஒட்டினாற்போல் தரையிலிருந்து கூரைவரை ஓர் அலமாரி. பன்னிரண்டு மில்லி ப்ளைவுட், மூட்டெல்லாம் பசை வைத்துத் திருகாணி போட்டு இறுக்கியது. திரவப் பெட்டிகள் ஒன்பது அதற்குள் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தன. ஒரு பெட்டியில் ஐந்து பை. ஒன்பது பெட்டி என்றால் பதினொரு நாளைக்குக் காணும். கதவைத் திறந்து மூடினால் மூச்சுவிடுகிற சத்தம்தான் கேட்டது. நான் நிஜமாகவே அசந்துபோனேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். டிரைவருக்கு வேறு வழியில்லை, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காலைத் திரவம் மாற்றியானதும் தன் காரில் வண்டியை மாட்டினார். அக்கா முன்னால், நான் பின்சீட்டில். ஊருக்குள் மெதுவாகப் போகிறவரை எல்லாம் சரியாக இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறி அறுபதைத் தாண்டியதும் காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பது போல ஓர் அசைவு. இடது, வலது, மறுபடியும் இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டி வால் ஆட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு பெரிய லாரி.

"பிரேக்கைப் போடு" என்றார் அக்கா.

"போடக் கூடாது" என்றார் டிரைவர். அவர் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் எடுத்தார். கார் தானாக வேகம் குறைந்தது. ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது. லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. ஆட்டம் சின்னதாகி நின்றது. ஓரமாக நிறுத்தினார்.

அவர்தான் முதலில் இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, காரோடு மாட்டியிருந்த இணைப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்தார். வண்டியின் பாரத்தில் காரின் பின்பக்கம் அழுந்துவதற்குப் பதிலாக மேலே எழும்பி நின்றது. பின்பக்கம் போய் அலமாரியைத் திறந்து ஒன்பது பெட்டியையும் பார்த்தார்.

"இது எவ்வளவு எடை இருக்கும்?"

"ஒரு பெட்டி பத்து கிலோவுக்கு மேல" என்றார் அக்கா.

"அப்போ பெட்டியே நூறு கிலோ. அலமாரி ஒரு அம்பது. எல்லாத்தையும் கொண்டுவந்து வாலுல வச்சிருக்க. அச்சுக்குப் பின்னாடி பாரம் போனா வண்டி இழுக்கிறவன் பேச்சைக் கேக்காதுக்கா."

"இங்கதான் இடம் இருந்தது."

"பாரத்தை இடம் இருக்கிற இடத்துல வைக்கறதில்ல."

வீட்டுக்கு முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தோம். வந்ததும் அக்கா வண்டிக்குள் ஏறி, அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்று, என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு திருகாணி கழற்றுகிற சத்தம் கேட்டது.

திருகாணி கழன்றது; பசை விடவில்லை. மூட்டுகளை ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. தன் கையாலேயே அறுத்தார். ஒவ்வொரு துண்டாக வெளியே வந்து விழுந்தது. நாலாவது துண்டு விழுந்தபோது வீட்டின் பின்கதவு திறந்தது. டிரைவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு மாதத்தில் அவர் தானாக எழுந்து அந்த வண்டிப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"நிறுத்து. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கும் இது இங்கதான் இருக்கும். தப்பா இருக்கறதைப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்காது."

டிரைவர் குனிந்து, அறுத்துப் போட்ட பலகை ஒன்றை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"உடுப்புக்கு அளவெடுக்க உனக்குத் தெரியும். பாரம் ஏத்த எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கற மாதிரியா நீ உக்காந்திருந்த?"

டிரைவர் பக்கத்தில் கிடந்த சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சக்கரத்துக்கு மேல பெட்டியைக் கொண்டுவரணும்" என்றார். "இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி."

சக்கரத்துக்கு மேலே கொண்டுவருவது சொல்ல எளிது. சக்கரங்கள் இரண்டும் தரையிலிருந்து உள்ளே புடைத்துக்கொண்டு, இரும்புத் தகட்டு மூடியோடு, பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தன. அதற்கு மேலே சுவர் உள்பக்கமாக வளைகிறது. கீழே ஒரு மேடு, மேலே ஒரு சரிவு, இரண்டுக்கும் நடுவில் ஐந்து பெட்டி உட்கார வேண்டும். மேட்டில் பட்டு உரசவும் கூடாது. அக்கா மறுபடியும் அட்டையை எடுத்தார்.

இந்தத் தடவை குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மெஷினும் வண்டிக்கு வந்துவிட்டது. எந்தப் பலகையும் எடை பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்று டிரைவர் சட்டம் போட்டார். பன்னிரண்டு மில்லிக்குப் பதில் ஆறு மில்லி. உறுதி வேண்டிய இடத்தில் மட்டும் பின்னால் மெல்லிய சட்டம். "கோட்டு விறைப்பா நிக்க உள்ள கான்வாஸ் குடுக்கற மாதிரி" என்று அக்கா புரிந்துகொண்டார். எடையைப் பென்சிலால் பலகையின் பின்பக்கம் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தார் டிரைவர். ஒரு கதவு நானூறு கிராம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார். அக்கா அதன் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த துணியை இழுத்துக் கட்டினார். தம்பி அதை மெஷினில் வைத்துப் பார்த்து, "ம்" என்றார். வேலை ஓடியது.

கதவுத் தாழ்ப்பாளில் ஒரு வாரம் சண்டை. காந்தம் வைத்த தாழ்ப்பாள் போதும் என்றார் அக்கா. மேடு பள்ளத்தில் அது நிற்காது என்றார் டிரைவர். வாயால் தீராது என்று, வண்டிக்குள் பெட்டிகளை வைத்துப் பூட்டிவிட்டு, டிரைவர் வண்டியின் ஓரத்தைப் பிடித்து உலுக்கினார். கதவு திறந்துகொண்டது. அக்கா மறுபேச்சில்லாமல் அழுத்தித் திருகுகிற தாழ்ப்பாளை மாட்டினார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கொக்கிதான். கூரை மெல்லிய தகடு. இரண்டு கிலோ பையை அதில் தொங்கவிட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கூரையின் வளைவோடு ஒட்டிப் போகிற ஒரு மரச்சட்டம் வேண்டும். இரண்டு பக்கச் சுவர்ச் சட்டத்திலும் அது இறங்கி நிற்க வேண்டும். வளைந்த சட்டத்தை எங்கே வாங்குவது? அக்கா யோசித்து, மூன்று மில்லி கனத்தில் நீளநீளமான பட்டைகள் ஏழு வெட்டினார். ஒன்றை மட்டும் எடுத்தால் விரலால் வளைக்கலாம். ஏழுக்கும் பசை தடவி, அடுக்கி, வளைவாக வெட்டிய ஒரு பலகையோடு சேர்த்து இறுக்கிவிட்டால், காய்ந்த பிறகு அந்த வளைவிலேயே நிற்கும் அல்லவா? இறுக்குவதற்குக் கிளாம்பு வேண்டும். பதினெட்டு வேண்டும். தச்சரிடம்தான் இருந்தது.

"எதுக்கு?" என்று கேட்டார் தச்சர்.

"மரத்தை வளைக்க."

தச்சர் கிளாம்பைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் அதை வாங்கிப் போகிற சாக்கில் அவரே வந்தார். சட்டம் காய்ந்து, கூரையின் வளைவை அப்படியே எடுத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஏறி, சக்கரத்துக்கு மேலிருந்த அலமாரியின் விளிம்பில் நகத்தை வைத்து நீளமாக ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கேயும் நுழையவில்லை.

"இந்த இடத்துல கோடு எப்படி எடுத்தீங்க?"

அக்கா அட்டையைக் காட்டினார். அதன் ஓரத்தில் ஒட்டுப்போட்ட, நறுக்கிய, மறுபடியும் ஒட்டுப்போட்ட தழும்புகள். தச்சர் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கிளாம்பு இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்தவரை அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

கொக்கியைத் திருகியதும் டிரைவர் நாலு தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒருநாள் பூரா அப்படியே விட்டுவைத்தார். சட்டம் அசையவில்லை. பைகளைச் சூடாக வைத்திருக்கக் கொக்கிக்குப் பக்கத்திலேயே சின்ன அலமாரி ஒன்று. அதன் உட்புறத்துக்கு அக்கா பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை உறை போட்டார். அந்த ஒரு வேலை மட்டும் அரை நாளில் முடிந்துவிட்டது.

நர்ஸ் சொன்னபடி வந்தார். அளவெடுத்தார், கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். கடைசியாக மேசைக்கு வந்தார். வெள்ளைத் துணியில் மருந்து நனைத்து மேசையைத் துடைத்தார். பரப்பு சுத்தமாக இருந்தது. மேசை சுவரோடு சேருகிற இடத்தில் துணியின் நுனியை விட்டு இழுத்தார். ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது ஆகாது" என்றார்.

"துடைச்சா போயிடும்மா" என்றார் டிரைவர்.

"இடுக்குல இருக்கறது போகாது. ஒரு கிருமி போதும். உங்களுக்கே தெரியும்."

டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு கோட்டில் நிற்கிறது. அக்கா அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடுக்கே இல்லாம இருந்தா சரியா?"

"இடுக்கே இல்லன்னா சரி."

"அடுத்த வியாழக்கிழமை வாங்க."

மேசையைக் கழற்றினார். மேசைப் பரப்பும் சுவரில் ஒரு சாண் உயரமும் ஒரே மைக்கா தகடாக, மடிப்பில்லாமல் உள்வளைவாக ஏறிப் போக வேண்டும். அப்போதுதான் அழுக்குக்கு ஒளிய இடம் இருக்காது. மைக்கா வளைக்கப் போனால் உடையும். மூன்று உடைந்தது. நாலாவதைத் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் ஈரத்துணி மேல் சூடேற்றி, ஒரு குழாயின் மேல் மெல்ல மெல்ல அழுத்தினார். டிரைவர் கையுறை போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அழுத்தாத, அழுத்தாத" என்றார் அக்கா.

"அழுத்தல. பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"மூச்சு விடாத."

"அது என் கையில இல்லக்கா."

வளைந்தது. உடையவில்லை. வியாழக்கிழமை நர்ஸ் வந்து, துணியை இழுத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, "அந்த மெத்தை வச்ச அலமாரி நல்ல யோசனை" என்றார்.

பதினொரு நாள் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினார்கள். டிரைவர் இரண்டு பக்கத்துப் பெட்டியையும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் காலியாகி வண்டி சாயக் கூடாது. நெடுஞ்சாலையில் எண்பது தொட்டும் வண்டி காரோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். "பின்னாடி ஏதோ வருதுங்கறதே தெரியல" என்று முதல் நாளே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குரல் அது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மலைமேல் ஓர் அணைக்கட்டு. அதன் கரைச் சாலையில் அவர் ஆயிரம் தடவையாவது லாரி ஓட்டியிருப்பார்; ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை, நேரத்துக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே நாலு நாள் இருந்தார்கள். மதியம் வண்டிக் கதவைச் சாத்தி, பையைக் கொக்கியில் மாட்டி, ஜன்னல் கண்ணாடிவழி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே திரவத்தை மாற்றிக்கொண்டார். அந்த அரை மணி நேரமும் அக்கா வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். சும்மா இருக்கத் தெரியாதே. இருபது சட்டையைக் கூடவே எடுத்துப் போயிருந்தார்.

ஐந்தாம் நாள் ஒரு கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. அக்கா அதைக் கழற்றி மாட்டிவிட்டு, திரும்பி வந்ததும் எல்லாக் கீலையும் மாற்றினார். முதல் இரண்டு இரவு தனக்குத் தூக்கமே வரவில்லை என்றும், மூன்றாவது இரவு காலை எட்டு மணிவரை தூங்கிவிட்டதாகவும், தம்பி எழுப்பாமல் விட்டது தப்பு என்றும் என்னிடம் புகார் சொன்னார்.

வயிற்றில் சீழும் பிடிக்கவில்லை, வேறொன்றும் ஆகவில்லை. அடுத்த பரிசோதனையில் நர்ஸ் ஏட்டைப் பார்த்து, "எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கு, நீர் இல்ல, நல்ல எடை" என்றாராம். அதற்குள் செய்தி டயாலிசிஸ் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்கார அம்மா ஒருவர், அவருக்கும் இதே சிகிச்சை, தன் கணவரோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார். அவர்களிடமும் ஒரு வண்டி இருந்தது, இதைவிடச் சின்னது. கொக்கி, மேசை, பெட்டி வைக்கும் அலமாரி, இந்த மூன்றை மட்டும் செய்து தர முடியுமா?

"சட்டையெல்லாம் தேங்கிக் கிடக்கு" என்றார் அக்கா.

பின்னறையிலிருந்து டிரைவர் வந்தார். "வண்டி அச்சு எங்க இருக்கு? முன்னாடியா, நடுவுலயா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அளவுநாடாவை எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. இதுவரை ஐந்து வண்டிக்குச் செய்துகொடுத்திருக்கிறார்கள். டிரைவரின் பெயர் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இருக்கிறது. அது எப்போது வரும் என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. போன வருடம் கண்ணில் கொஞ்சம் மங்கல் வந்ததால், நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறுவாரம் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அறுபத்தொரு வயதில். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை உரிமம் வாங்கினார்.

இப்போது தினமும் காலையில் எங்கள் தெருவில் பாதை அடைபடுகிறது. அக்கா காரில் உட்கார்ந்து வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட முயல்கிறார்; இடது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போகிறது. டிரைவர் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிச் சைகை காட்டுகிறார். நான் என் வீட்டு வாசலிலிருந்த பூந்தொட்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

"ஸ்டியரிங்கை ஒடிக்கா, ஒடி... இப்ப நேராக்கு."

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உன் மேல ஏத்திடப் போறேன்."

அவர் ஓரடி தள்ளி நிற்கிறார். அக்கா மறுபடியும் முன்னால் எடுத்து, மறுபடியும் பின்னால் வருகிறார்.